தாய்மாருக்காகக் கணக்குக் கேட்ட டாக்டர்

ஏ. லட்சுமணசாமி முதலியாரின் வாழ்க்கை

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். நள்ளிரவு. வீட்டிலே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது. மாமியார் எழுந்து விளக்கைப் போடுகிறாள். புருஷன் டெலிபோனை எடுத்து 108 என்று மூன்று எண்களைத் தட்டுகிறான். சற்று நேரத்தில் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்து விடுகிறது.

டிரைவருக்குச் சம்பளம் உண்டு. வண்டிக்கு எண்ணெய் உண்டு. நர்சு, டாக்டர், ஊசி, மருந்து, படுக்கை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஆனால் அந்தப் புருஷன் மடியிலிருந்து காசு எடுக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பணம் யாருடையது? எங்கே இருந்து வந்தது? யார் கை வழியாக வந்தது? வருஷம் முழுவதும் ஒரு தேசத்தில் இப்படி எவ்வளவு செலவாகிறது? அது போதுமா?

குடும்பத் தலைவி மளிகைக் கணக்கு எழுதுவது போல, தேசங்கள் இப்போது வைத்தியச் செலவுக்குக் கணக்கு எழுதுகின்றன. அதற்கென்று விதிகள் இருக்கின்றன. புத்தகங்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கு நம் நாட்டில் தோன்றுவதற்கு முன்னால், நாடு முழுவதற்கும் சுகாதாரத் திட்டம் வகுத்து, அதற்கு எவ்வளவு ஆள் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவர்களில் ஒரு தமிழர் உண்டு. அவர் பொருளாதார நிபுணர் அல்லர். பிரசவ டாக்டர்!

அவர்தான் ஏ. லட்சுமணசாமி முதலியார்.

இரட்டைப் பிள்ளைகள்

1887-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதி, ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. மூத்த பிள்ளைக்கு ராமசாமி என்றும், இளைய பிள்ளைக்கு லட்சுமணசாமி என்றும் பெயர் வைத்தார்கள். ஆற்காடு என்பது குடும்பத்தின் பெயர்.

கர்நூலிலே படித்த பிள்ளைகள் 1903-ல் சென்னைக்கு வந்தார்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். பிறகு பாதை பிரிந்தது. அண்ணன் சட்டம் படித்து வக்கீல் ஆனார், அரசியலில் புகுந்தார். தம்பி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டர் ஆனார். ஆனால் இந்த இரண்டு பாதைகளும் நாற்பது வருஷம் கழித்து ஓர் இடத்தில் மறுபடி சந்திக்கப் போகின்றன. அந்த அதிசயத்தைப் பிறகு பார்க்கலாம்.

எழும்பூரில் கற்ற பாடம்

லட்சுமணசாமி முதலியார் பிரசவ வைத்தியத்தைத் தம் துறையாகத் தேர்ந்து கொண்டார். எழும்பூரில் இருக்கும் தாய் சேய் ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. ஆசியாவிலேயே பழமையான பிரசவ ஆஸ்பத்திரிகளில் ஒன்று. அங்கே அவர் பல வருஷங்கள் வேலை பார்த்தார். அதன் தலைவராகவும் இருந்தார்.

அந்தக் காலத்துப் பிரசவத்தை இந்தக் காலத்துப் பெண்கள் கற்பனை செய்வது கடினம். வீட்டுக் கொல்லையிலோ இருட்டு அறையிலோ பாய் விரிப்பார்கள். ஊர் மருத்துவச்சி வருவாள். அனுபவம் உண்டு, அன்பும் உண்டு. ஆனால் சீழ் பிடிக்காமல் காக்கும் வித்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரத்தப் போக்கு வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளை குறுக்கே திரும்பிக் கொண்டால் இரண்டு உயிரும் கடவுள் விட்ட வழி.

ஆஸ்பத்திரிக்கு வந்த தாய்மாரில் பலர் கடைசி நேரத்தில்தான் வந்தார்கள். எழும்பூர் பட்டணத்தில் இருக்கிறது. பட்டணத்திலேயே இப்படி என்றால் சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்த தர்மபுரியில் எப்படி இருந்திருக்கும்? பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்றால் மாட்டு வண்டி கட்டி, தொப்பூர் கணவாயைத் தாண்டி, சேலம் போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய நாற்பது மைல். வலி எடுத்த பெண்ணை வைத்துக் கொண்டு!

செத்துப் போன தாய்மாரை ஊரார் அழுது அடக்கம் செய்தார்கள். அதோடு விஷயம் முடிந்தது. எத்தனை பேர் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிரசவத்தில் இறந்தவளை ஜுரத்தில் இறந்தவள் என்று எழுதிய ஊர்ப் பதிவேடுகள் ஏராளம்.

டாக்டர் முதலியாரை இது உறுத்தியது. 1930-களின் தொடக்கத்தில் அவர் சென்னை நகரில் தாய்மார் மரணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். பிரசவத்தில் எத்தனை தாய்மார் இறக்கிறார்கள், எதனால் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்து எண்ணிக்கையாக எழுதினார். இந்தியாவில் இந்த மாதிரி நடந்த ஆரம்ப கால ஆராய்ச்சிகளில் அது ஒன்று. கைராசிக்காரர் என்று பெயர் வாங்குவதோடு நின்றிருந்தாலும் அவர் செல்வாக்காக வாழ்ந்திருக்கலாம். எண்ணத் தொடங்கினார் பாருங்கள், அதுதான் அவரை மற்ற டாக்டர்களிடமிருந்து பிரித்தது.

1938-ல் பிரசவ வைத்தியம் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய பாட புத்தகம் வெளிவந்தது. பிறகு டாக்டர் கிருஷ்ண மேனன் அதில் சேர்ந்து கொண்டார். முதலியார், மேனன் புத்தகம் என்று சொன்னால் டாக்டர் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். திருத்திய பதிப்புகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன.

1939-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வர் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர்தான். 1942-ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பதவி வந்தது. அதில் 1969 வரை இருந்தார். இருபத்தேழு வருஷம்! எந்தப் பதவியிலும் இருபத்தேழு வருஷம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்தப் பதவியைப் பார்த்துக் கொண்டே இன்னும் நாலு பேர் வேலையை அவர் செய்தார்.

யுத்த காலத்தில் ஒரு கமிட்டி

1943-ம் வருஷம். உலக யுத்தம் நடந்து கொண்டிருந்தது. வங்காளத்தில் பஞ்சம். அந்த நேரத்தில் இந்திய சர்க்கார் ஒரு கமிட்டி அமைத்தது. யுத்தம் முடிந்த பிறகு நாட்டின் ஆரோக்கியத்துக்கு என்ன செய்வது என்று திட்டம் போட வேண்டும். தலைவர் ஸர் ஜோசப் போர். அவர் சென்னை மாகாணத்திலும் கொச்சியிலும் உத்தியோகம் பார்த்தவர். கொச்சியின் திவானாக இருந்தவர். கமிட்டியின் அங்கத்தினர்களில் ஒருவர் டாக்டர் முதலியார்.

கமிட்டி மாகாணம் மாகாணமாகச் சுற்றியது. விசாரித்தது. 1946-ல் நான்கு பாகங்களாக அறிக்கை வந்தது. அதில் இருந்த கணக்கு நெஞ்சைப் பதற வைத்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஜனத்தொகை அப்போது சுமார் 30 கோடி. டாக்டர்கள் 47,500 பேர். அதாவது 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்சுகள் 7,000 பேர்தான். 43,000 பேருக்கு ஒருவர். பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 5,000 பேர். 60,000 பேருக்கு ஒருத்தி! ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நாலாயிரம் பேருக்கு ஒன்று என்ற அளவில் இருந்தன. இங்கிலாந்திலோ ஆயிரம் பேருக்கே ஏழு.

மனிதனின் சராசரி ஆயுள் 27 வயதைத் தொடவில்லை. வருஷம் சுமார் 2 லட்சம் தாய்மார் பிரசவத்தால் இறந்து கொண்டிருந்தார்கள் என்று அறிக்கை கணித்தது. அதாவது நாள் ஒன்றுக்கு ஐந்நூறு தாய்மாருக்கு மேல். சென்னையில் டாக்டர் முதலியார் எண்ணத் தொடங்கிய கணக்கு தேசம் முழுவதற்கும் விரிந்து விட்டது.

என்ன செய்யலாம்? கமிட்டி பெரிய கனவு கண்டது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை உள்ள ஒவ்வொரு வட்டாரத்துக்கும் 75 படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. அதற்கு மேலே 650 படுக்கை ஆஸ்பத்திரி. ஜில்லாவின் தலை நகரில் 2,500 படுக்கை. அது வருகிற வரையில் உடனடி ஏற்பாடாக, 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்; அதிலே இரண்டு டாக்டர்கள், நர்சுகள், நான்கு மருத்துவச்சிகள், சுகாதார இன்ஸ்பெக்டர்கள்.

தர்மபுரியை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் கனவின் அளவு புரியும். 2011 ஜனக் கணக்குப்படி தர்மபுரி மாவட்டத்தில் 15 லட்சம் பேர். இருபதாயிரம் பேருக்கு ஒன்று என்றாலும் 75 வட்டார ஆஸ்பத்திரிகள் வேண்டும். அவற்றில் மட்டும் 5,625 படுக்கைகள். மேல் ஆஸ்பத்திரிகள் தனி!

பணத்துக்கு எங்கே போவது?

அந்தக் கேள்வியைக் கமிட்டி தட்டிக் கழிக்கவில்லை. திட்டத்தோடு சேர்த்து, கட்டடத்துக்கு எவ்வளவு, வருஷா வருஷம் சம்பளத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு என்று மதிப்பும் போட்டுக் கொடுத்தது. இதுதான் முக்கியம். ஆஸ்பத்திரி கட்டுவது ஒரு தடவைச் செலவு. அதை நடத்துவது என்றைக்கும் தீராத செலவு. கல்யாணத்துக்குக் கடன் வாங்குகிறவன் அடுத்த மாசத்துச் சாப்பாட்டையும் நினைக்க வேண்டும் அல்லவா? கட்டடத்தைத் திறந்து வைத்து மாலை போட்டுக் கொண்ட பிறகு டாக்டரும் மருந்தும் இல்லாமல் பூட்டிக் கிடந்த நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

காசு கொடுக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் வைத்தியம் இல்லாமல் போகக் கூடாது என்பது அந்தக் கமிட்டியின் அடிப்படைக் கொள்கை. அப்படியானால் சர்க்கார்தான் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டும். சர்க்காருக்குப் பணம் வரியிலிருந்து வர வேண்டும்.

அந்த நாளைய வரி எப்படி இருந்தது? சென்னை மாகாணத்தில் நில வரிக்கு அடுத்தபடி, கள்ளும் சாராயமும் கொண்டு வந்த ஆப்காரி வருமானம் பெரிய தூணாக நின்றது. ஜனங்களின் உடம்பைக் கெடுத்து வந்த காசிலேதான் அவர்களுக்கு மருந்தும் வாங்க வேண்டியிருந்தது! ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில்தான். தர்மபுரி தாலுகாவும் அதில் அடங்கியது. போன வருமானத்தை ஈடு கட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதைத் தர்மபுரிக்காரர்கள் யாருக்கும் முன்னால் அனுபவத்தில் கண்டார்கள்.

அண்ணனும் தம்பியும் சந்தித்த இடம்

இப்போது இரட்டையர் கதைக்கு வருவோம்.

1946 ஜனவரியில் லண்டனில் ஐக்கிய நாட்டு சபையின் பொருளாதார, சமூக சபை முதல் தடவையாகக் கூடியது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? அண்ணன் ராமசாமி முதலியார்! உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஆரோக்கிய மகாநாடு ஒன்று கூட்ட வேண்டும் என்று அந்தச் சபை தீர்மானித்தது. அதே வருஷம் நியூயார்க்கில் மகாநாடு கூடியது. ஜூலை 22-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனம் கையெழுத்தாயிற்று. 1948 ஏப்ரல் 7-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

அண்ணன் கூட்டிய மகாநாட்டில் பிறந்த ஸ்தாபனத்துக்குத் தம்பி போய்ச் சேர்ந்தார். 1948-ல் ஜெனீவாவில் நடந்த முதல் மகாசபைக்கு இந்தியாவின் பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். அடுத்த வருஷமே அதன் நிர்வாகக் குழுவின் தலைவர் ஆனார். 1949, 1950 ஆகிய வருஷங்களில் அந்தப் பதவி அவரிடம் இருந்தது.

அந்தக் குழுவில் அப்போது 18 பேர். வருஷச் செலவுத் திட்டத்தை முதலில் பார்த்து, ஆராய்ந்து, மகாசபைக்குச் சிபாரிசு செய்வது அதன் கடமை. உலகம் முழுவதற்கும் 1949-ம் வருஷத்துக்கு மகாசபை ஒதுக்கியது 50 லட்சம் டாலர்தான். மலேரியா ஒரு பக்கம், க்ஷயம் ஒரு பக்கம், தாய் சேய் நலம் ஒரு பக்கம். யுத்தத்தில் இடிந்து கிடந்த ஐரோப்பா கை நீட்டியது. அன்றுதான் சுதந்திரம் அடைந்த ஆசிய நாடுகளும் கை நீட்டின. யாருக்குக் கொடுப்பது? எதற்கு முதலில் கொடுப்பது? நாற்பது பேருக்குச் சமைத்த சோற்றை நானூறு பேருக்குப் பரிமாறுகிற வேலை.

நோயாளிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் டாக்டர் செலவைப் பற்றி நினைக்கக் கூடாது என்பார்கள். நாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் செலவை நினைக்காமல் இருக்க முடியாது. இரண்டு வேலையையும் செய்த மனிதர் டாக்டர் முதலியார்.

எழுபது வயதுக்கு மேல் ஒரு பரீட்சை

நாடு சுதந்திரம் அடைந்தது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் திறக்கத் தொடங்கின. டாக்டர் முதலியார் இடையே வேறு வேலைகளுக்கும் போனார். 1952-ல் உயர்நிலைக் கல்வியைப் பற்றி விசாரித்த கமிஷனுக்குத் தலைவராக இருந்தார். யுனெஸ்கோவின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை வகித்தார். 1954-ல் பத்ம பூஷண் விருதும், 1963-ல் பத்ம விபூஷண் விருதும் கிடைத்தன. இவற்றை விவரித்தால் தனிப் புத்தகம் ஆகும்.

1959-ல் மத்திய சர்க்கார் மறுபடி ஒரு கமிட்டி அமைத்தது. போர் கமிட்டி சொன்னது எவ்வளவு நடந்தது, இனி என்ன செய்வது என்று பார்ப்பது அதன் வேலை. இந்தத் தடவை தலைவரே டாக்டர் முதலியார்தான். வயது எழுபதைத் தாண்டி விட்டது. தாம் சேர்ந்து போட்ட திட்டத்துக்குத் தாமே மதிப்பெண் போட வேண்டிய நிலை!

1961 வரையில் கமிட்டி வேலை செய்தது. அதன் நடுவே, 1961 பிப்ரவரியில், உலக சுகாதார மகாசபை புதுடில்லியில் கூடியது. அதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. ஒரு கையில் உலகத்தின் திட்டம். மறு கையில் இந்தியாவின் மதிப்பெண் பட்டியல்.

மதிப்பெண் எப்படி இருந்தது? சராசரி ஆயுள் 27-லிருந்து நாற்பதைத் தாண்டியிருந்தது. மலேரியா வெகுவாகக் குறைந்திருந்தது. அதெல்லாம் வெற்றி. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றிக் கமிட்டி திருப்திப்படவில்லை. ஆட்கள் போதவில்லை. வசதி போதவில்லை. ஒரு நிலையத்தின் தலையில் அளவுக்கு மீறிய ஜனங்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஒரு நிலையத்தின் கீழ் வைக்கக் கூடாது. புதிது புதிதாகத் திறந்து கொண்டே போவதை விட, இருப்பதை முதலில் பலப்படுத்த வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் விசேஷ டாக்டர்கள் இருக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது.

இந்த யோசனையைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். அரை குறையாக நூறு நிலையங்கள் இருப்பதை விட, உருப்படியாக ஐம்பது இருப்பது மேல் என்பது ஒரு நியாயம். ஆனால் நிலையமே இல்லாத மலைக் கிராமத்துக்காரன் என்ன சொல்லுவான்? சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் இருந்தவர்களுக்கு, கீழே இருக்கும் ஆஸ்பத்திரி பலப்பட்டால் மட்டும் போதுமா? டோலி கட்டி நோயாளியைத் தோளில் சுமந்து இறங்கியவர்கள் அவர்கள். பஸ் போகாத இடங்களுக்கு நடமாடும் வைத்தியக் குழு அனுப்பலாம் என்று கமிட்டி யோசனை சொன்னது உண்மை. ஆனால் மலைக்குத் தனி அளவு, சமவெளிக்குத் தனி அளவு என்ற ஏற்பாடு பிறகுதான் வந்தது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்றால், மலையிலும் பழங்குடி மக்கள் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்று 1980-களில் விதி செய்தார்கள். டாக்டர் முதலியார் கமிட்டியின் அறிக்கையில் குறை என்று சொன்னால் இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

பணமோ எப்போதும் போலவே இருந்தது. முதல் ஐந்து ஆண்டுத் திட்டத்தில் மொத்தம் 1,960 கோடி ரூபாயில் ஆரோக்கியத்துக்கு ஒதுக்கியது சுமார் 65 கோடி. நூறு ரூபாயில் மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டாவது திட்டத்தில் நூற்றுக்கு மூன்று. மூன்றாவது திட்டத்தில் மூன்றுக்கும் கீழே போயிற்று. தொகை கூடியது, பங்கு குறைந்தது. அணைக்கட்டும் இரும்பு ஆலையும் முன்னால் நின்றன. ஆஸ்பத்திரி பின்னால் நின்றது.

நோட்டுப் புத்தகம் பிறக்கிறது

சர்க்கார் எவ்வளவு செலவழித்தது என்று பட்ஜெட்டைப் பார்த்தால் தெரியும். ஆனால் ஜனங்கள் தங்கள் மடியிலிருந்து எவ்வளவு கொடுத்தார்கள்? அதைப் போர் கமிட்டியாலோ முதலியார் கமிட்டியாலோ வருஷா வருஷம் எழுதிக் காட்ட முடியவில்லை. அதற்கு வழியே அப்போது இல்லை.

வழி உண்டாக்க உலக சுகாதார ஸ்தாபனம் முயன்றது. பிரையன் ஏபெல்-ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் ஆறு நாடுகளின் வைத்தியச் செலவை ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தார். 1963-ல் அந்தப் புத்தகத்தை ஸ்தாபனம் வெளியிட்டது. அமெரிக்கா, ஸ்வீடன் போன்ற பணக்கார நாடுகளோடு நம் பக்கத்து வீடான இலங்கையும் அந்த ஆறில் ஒன்று! சர்க்கார் கொடுத்தது எவ்வளவு, இன்ஷூரன்ஸ் கொடுத்தது எவ்வளவு, நோயாளியே கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டினார்கள். பிற்பாடு பல நாடுகள் சேர்ந்து பொது விதிகள் செய்தன. 2000-ல் ஒரு விதிப் புத்தகம். 2011-ல் திருத்திய புத்தகம். இன்று உலக நாடுகள் பெரும்பாலும் அதைப் பின்பற்றித்தான் கணக்கு எழுதுகின்றன.

இந்தியாவின் முதல் தேசிய சுகாதாரக் கணக்கு 2001-02-ம் ஆண்டைப் பற்றியது. வெளிவந்தது 2005-ல். நாட்டில் வைத்தியத்துக்குச் செலவான ஒவ்வொரு ரூபாயிலும் 72 காசு குடும்பங்களே கொடுத்தது என்று அதில் தெரிய வந்தது. காசு இல்லாததால் யாருக்கும் வைத்தியம் தவறக் கூடாது என்று 1946-ல் எழுதிய தேசத்தில்! தாலியை அடகு வைத்தவர்களும், ஆட்டை விற்றவர்களும், கந்து வட்டிக்கு வாங்கியவர்களும் அந்த 72 காசுக்குள்ளே இருக்கிறார்கள்.

2013-14 கணக்கில் குடும்பம் நேராகக் கையிலிருந்து கொடுத்தது ரூபாயில் 64 காசு. 2021-22 கணக்கில் அது 39 காசாக இறங்கியிருக்கிறது. இந்தக் குறைவு முழுவதும் நிஜமா, கணக்கெடுத்த முறையால் வந்ததா என்று கேட்கும் நிபுணர்களும் உண்டு. கேட்கட்டும். கணக்கு என்று ஒன்று இருப்பதால்தானே கேட்க முடிகிறது? தேசத்தின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 2.5 பங்கைச் சர்க்கார்கள் ஆரோக்கியத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ல் கொள்கை வகுத்தார்கள். 2025-க்குள் எட்ட வேண்டும் என்பது குறி. 2021-22-ல் அது 1.84 பங்கில் நின்றது.

தர்மபுரியில் ஒரு வேடிக்கை

1965 அக்டோபர் 2-ந் தேதி சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டம் ஆயிற்று. 2004-ல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. 2008-ல் தர்மபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. சேலத்துக்குக் கணவாய் தாண்டிப் போன காலம் ஒருவாறு மறைந்தது.

இந்த மாவட்டத்தில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு என்னும் உப்பு அதிகம். அதைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளின் பல் கறை பிடித்தது. பெரியவர்களின் எலும்பு வளைந்தது. மாத்திரையால் தீருகிற வியாதி அல்ல அது. தண்ணீரை மாற்றினால்தான் தீரும். ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வர ஜப்பான் கடன் உதவியோடு திட்டம் போட்டார்கள். 2008-ல் அடிக்கல். 2013-ல் தண்ணீர். செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல்.

வேடிக்கை என்னவென்றால், தேசிய சுகாதாரக் கணக்கில் குடிதண்ணீர்ச் செலவு சேராது. அது வேறு தலைப்பில் போய் விடும். எலும்பு வளைந்த பிறகு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை சுகாதாரச் செலவு. எலும்பு வளையாமல் காத்த தண்ணீர் சுகாதாரச் செலவு அல்ல! எல்லா நாட்டுக் கணக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக எங்கேயாவது கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த விதி. போர் கமிட்டி குடிதண்ணீரையும் சாக்கடையையும் தன் திட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தது. தர்மபுரிக்காரர்களைக் கேட்டால் பழைய கமிட்டியின் பக்கம்தான் பேசுவார்கள்.

கடைசி நாட்கள்

1969-ல் டாக்டர் முதலியார் துணைவேந்தர் பதவியை விட்டார். அப்போது வயது 81. 1974 ஏப்ரல் 15-ந் தேதி அவர் காலமானார். தரமணியில் இருக்கும் அடிப்படை மருத்துவ விஞ்ஞான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அண்ணன் ராமசாமி முதலியார் 1976-ல் காலமானார். ஒன்றாகப் பிறந்தவர்களில் மூத்தவர் இரண்டு வருஷம் அதிகமாக இருந்தார்.

போர் கமிட்டியின் காலத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் இறந்தார்கள். லட்சத்துக்கு 2,000 என்று ஆகிறது. 2018-20 கணக்குப்படி இந்தியாவில் அது லட்சத்துக்கு 97. தமிழ்நாட்டில் 54. அந்த 54 பேரில் ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று டாக்டர்கள் உட்கார்ந்து விசாரித்து எழுதுகிறார்கள். 1930-களில் சென்னையில் ஒரு பிரசவ டாக்டர் செய்த வேலை இன்று மாவட்டந்தோறும் நடக்கிறது. தர்மபுரியிலும் நடக்கிறது.